வேட்டைக்கு முன் ஷாட்கன் முதல் பாடம்: எங்கே, எப்படி, எதற்காக?

ஏரிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கிறேன். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு, வேட்டைக் கல்வி வகுப்பு இரண்டையும் முடித்துத் தேர்வுகளில் தேறியிருக்கிறேன், உரிமமும் வந்துவிட்டது. வரும் இலையுதிர் காலத்தில் என் கணவருடன் வேலை செய்யும் ஒருவரும் அவருடைய மனைவியும் எங்களை வாத்து வேட்டைக்கும், ரஃப்ட் கிரௌஸ் எனப்படும் காட்டுப்பறவை வேட்டைக்கும் அழைத்திருக்கிறார்கள். உண்ணும் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பதை நேரில் அறிந்து உண்ண வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஆகவே இதை முறையாகக் கற்றுக்கொண்டு செய்ய விரும்புகிறேன்.

என் ஐயம் இதுதான். உரிமத்துக்கான செய்முறைத் தேர்வில் செயலிழக்கச் செய்த துப்பாக்கிகளையும் போலித் தோட்டாக்களையும் மட்டுமே கையாண்டோம். தேறுவதற்கு நூற்றுக்கு 80 மதிப்பெண் வேண்டும். அதைவிடக் கூடுதலாகவே பெற்றேன். ஆனால் ஷாட்கனில், அதாவது ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு குண்டுகளைப் பரப்பிச் சுடும் துப்பாக்கியில், உண்மையான தோட்டா வெடிக்கும்போது தோளில் என்ன உணர்வு ஏற்படும் என்பது எனக்குத் தெரியாது. அழைத்தவர்கள் "காட்டிலேயே கற்றுத் தருகிறோம், கவலை வேண்டாம்" என்கிறார்கள். அது போதுமா, அல்லது வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் மன்றம் ஒன்றில் பயிற்றுநரிடம் தனியாகப் பாடம் எடுக்க வேண்டுமா? எடுத்தால், அந்த முதல் பாடத்தில் எதைக் கேட்டுப் பெற வேண்டும்? நான் உயரம் குறைந்தவள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வடகாடு:
வணக்கம் சகோதரி. பயிற்றுநரிடம் போங்கள். வேட்டைக் காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களேனும் முன்னதாகப் போங்கள். ஒன்டாரியோவின் காடுகளில் நீண்ட காலமாகப் பறவை வேட்டைக்குச் செல்பவன் என்ற முறையில், புதிதாக வருபவர்கள் அனைவரிடமும் நான் இதையே வற்புறுத்துகிறேன்.

உரிம வகுப்பு மிக முக்கியமான ஒன்றைக் கற்றுத் தருகிறது. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பப்பட்டதாகவே கருத வேண்டும். குழல்வாய் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை எப்போதும் நம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். விரலை விசையிலிருந்தும் விசைவளையத்திலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்த நான்கையும் நீங்கள் மனப்பாடமாக அறிவீர்கள். ஆனால் வகுப்பறையில் மேசைக்கு முன் நின்று அமைதியாகச் செய்த ஒன்றை, பத்தடி தொலைவில் புதருக்குள்ளிருந்து பேரோசையுடன் ஒரு பறவை கிளம்பும்போதும் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. கிரௌஸ் கிளம்பும் ஓசையை முதன்முறை கேட்பவர்கள் திடுக்கிடாமல் இருப்பது அரிது. அந்த நொடியில் குழல்வாய் எங்கே போகிறது, விரல் எங்கே போகிறது என்பதை மூளை யோசித்து முடிவு செய்வதற்கு நேரம் இருக்காது. கை தானாகச் செய்ய வேண்டும். அந்தப் பழக்கத்தை ஊன்றத் தொடங்கும் இடமாகவே முதல் பாடத்தை நான் பார்க்கிறேன்.

ஆகவே எத்தனை தட்டுகளை உடைத்தீர்கள் என்பதை வைத்து முதல் பாடத்தை மதிப்பிடாதீர்கள். நல்ல பயிற்றுநர் முதல் பகுதி முழுவதும் வெற்றுத் துப்பாக்கியுடனேயே உங்களை நிற்க வைப்பார். நிற்கும் நிலை, எடையை முன்காலில் சற்று கூடுதலாக வைத்தல், துப்பாக்கியைத் தூக்கும் முறை ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் ஊன்றும் பின்பகுதி, முதலில் கன்னத்துக்கு வர வேண்டும். அதன் பிறகே தோளில் அமர வேண்டும். புதியவர்கள் முதலில் தோளில் ஊன்றிவிட்டுப் பிறகு தலையைக் குனிந்து கட்டையைத் தேடுவார்கள். அப்படிச் செய்தால் கழுத்து வலிக்கும், கன்னத்தில் அடி விழும், குண்டும் இலக்குக்கு மேலே போகும். ஷாட்கனில் ரைபிளைப் போலப் பின்குறிகாட்டி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறிகாட்டி. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்ந்தால்தான் நீங்கள் பார்க்கும் இடத்துக்குக் குண்டுகள் போகும்.

பனிமரம்:
மரியாதையுடன் மாறுபடுகிறேன். இங்குள்ள சிற்றூர்களில் பெரும்பாலானோர் தந்தையிடமோ மாமாவிடமோ கற்றவர்கள். அவர்கள் யாருக்கும் பணம் கொடுத்துப் பாடம் எடுக்கவில்லை. ஒருவரது சொந்த நிலத்தில், பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில், அட்டைப்பெட்டியை வைத்துச் சுட்டுப் பழகினால் போதாதா? உரிமம் பெற்றவர் ஒருவர் பக்கத்தில் நின்று நேரடியாக மேற்பார்வையிட்டால் உரிமம் இல்லாதவர்கூட இவ்வகைத் துப்பாக்கியைச் சுடலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. சகோதரிக்கு உரிமமே இருக்கிறது. தனிப்பயிற்சிக்கான கட்டணம், தட்டுகளுக்கான கட்டணம், தோட்டாக்களின் விலை என்று சேர்த்தால் புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு அது சுமைதான்.

தட்டுக்களம்:
நான் ஒரு மன்றத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி அளிக்க உதவி வருகிறேன்; ஆகவே என் சார்பை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். பனிமரம் அவர்கள் கூறும் செலவுக் கவலை நியாயமானது. ஆனால் அட்டைப்பெட்டி நகராது. பறவை வேட்டையில் தோன்றும் இடர் ஏறக்குறைய முழுவதும் துப்பாக்கி நகர்வதிலிருந்து பிறக்கிறது. பறவையைப் பின்தொடர்ந்து குழலை வீசும்போது, பறவையைத் தவிர வேறு எதையும் கண் பார்ப்பதில்லை. உடன் வந்தவர் நிற்கும் இடத்துக்குக் குழல் வந்து சேர்வதை அறியாமலேயே விசையை அழுத்திவிடுகிறார்கள்.

உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2006 பிப்ரவரி 11 அன்று டெக்சஸ் மாநிலத்தில் காடை வேட்டையின்போது, அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, ஒரு பறவையைப் பின்தொடர்ந்து திரும்பிச் சுட்டதில், உடன் வந்த 78 வயது வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டன் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் குண்டுகள் பாய்ந்து காயமுற்றார். இதயத்தருகே தங்கிய ஒரு சிறு குண்டினால் அவருக்குச் சிறிய மாரடைப்பும் ஏற்பட்டது. சுட்டவர் துப்பாக்கிக்குப் புதியவர் அல்லர். காயமுற்றவர் ஆரஞ்சு நிற மேலாடையும் அணிந்திருந்தார். அனுபவமும் ஆரஞ்சு ஆடையும் இருந்தும் இது நடந்தது என்றால், ஒவ்வொருவரும் எந்தக் கோணத்துக்குள் மட்டுமே சுடலாம் என்ற எல்லையை உடம்பிலேயே பதித்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது. தட்டு சுடும் களத்தில் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டிக் குழல் போனால் பின்னால் நிற்பவர் உடனே நிறுத்துவார். தந்தையிடமோ நண்பரிடமோ கற்பதில் தவறில்லை. ஆனால் கற்பிப்பவர் அன்று வேட்டையாட வந்தவராக இருக்கக் கூடாது. வேட்டைக்காரரின் கண் வானத்தில் இருக்கும். பயிற்றுநரின் கண் மாணவரின் கையில் இருக்க வேண்டும்.

செலவைக் குறைக்க ஒரு வழி: பல மன்றங்கள் புதியவர்களுக்கென்று அறிமுக நாள் நடத்துகின்றன. துப்பாக்கி, காதுக்காப்பு, கண்ணாடி எல்லாம் அங்கேயே கிடைக்கும். துப்பாக்கி வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று வகைகளைக் கையில் எடுத்துப் பார்க்கவும் முடியும். தமக்குப் பொருந்தாத துப்பாக்கியை முதலிலேயே வாங்கிவிட்டு மாற்ற நேர்வதை நினைத்தால் இது சிக்கனம்.

பனிமரம்:
கற்பிப்பவர் அன்று வேட்டையாடக் கூடாது என்ற கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அறிமுக நாள் பற்றிய தகவலுக்கும் நன்றி.

ஏரிக்கரை:
மிகவும் பயனுள்ள விடைகள். மூன்று கேள்விகள் எழுகின்றன. முதலாவது, 12 கேஜா, 20 கேஜா? இரண்டாவது, நான் வலக்கைப் பழக்கம் உள்ளவள். ஆனால் கைகளால் சிறு முக்கோணம் அமைத்துத் தொலைவிலுள்ள ஒரு பொருளைப் பார்த்து ஒரு கண்ணை மூடிச் சோதித்தபோது என் இடக்கண்தான் ஆதிக்கம் செலுத்துகிறது என்று தெரிகிறது. இது பெரிய சிக்கலா? மூன்றாவது, டிராப், ஸ்கீட், ஸ்போர்ட்டிங் கிளேஸ் என்று மன்றத்தின் பலகையில் எழுதியிருக்கிறார்கள். இவற்றுள் எதில் தொடங்குவது?

தட்டுக்களம்:
கண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை அதைப் பொறுத்தவை. வலத்தோளில் துப்பாக்கியை வைத்து இரு கண்களையும் திறந்தபடி சுடும் ஒருவருக்கு இடக்கண் ஆதிக்கம் செலுத்தினால், குழல் ஒரு பக்கமும் பார்வை மறுபக்கமும் போகும். தட்டுக்கு இடப்புறமாகவே குண்டுகள் செல்லும். எதனால் தவறுகிறது என்று தெரியாமலேயே பலர் மனம் தளர்ந்துபோவார்கள். ஆகவே பாடத்தின் தொடக்கத்திலேயே பயிற்றுநரிடம் இதைச் சொல்லி, அவரையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இரு வழிகள் உண்டு. இடத்தோளிலிருந்து சுடக் கற்பது ஒன்று. பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்பக்க வில்லையில், பார்வைக் கோட்டில் படும் இடத்தில் மட்டும் சிறு ஒட்டுத்தாளை ஒட்டுவது மற்றொன்று. இதுவரை எந்தப் பழக்கமும் இல்லாதவர் என்பதால், இடத்தோளிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். தொடக்கத்தில் கை தடுமாறும். ஆனால் இரு கண்களாலும் பார்த்துத் தொலைவை மதிப்பிடும் திறன் முழுமையாகக் கிடைக்கும். பறக்கும் இலக்குக்கு அது பெருந்துணை. இடத்தோளுக்கு மாறினால், வெற்றுத் தோட்டா வலப்புறமாக முகத்துக்குக் குறுக்கே பறக்கும் துப்பாக்கியைத் தவிர்த்து, முறித்துத் திறக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுங்கள். கற்பவருக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு: திறந்து கிடக்கும் துப்பாக்கி சுடாது என்பதைக் களத்தில் உள்ள அனைவரும் தொலைவிலிருந்தே கண்ணால் காணலாம்.

அடுத்து கேஜ். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே 12 கேஜ் குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகள் என்றால் ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர். அதனால்தான் எண் கூடக் குழல் சிறுக்கிறது. 20 கேஜ் துப்பாக்கி எடை குறைவானது என்பதால் உதைப்பும் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது தோட்டாவைப் பொறுத்தது. எடை குறைந்த துப்பாக்கியில் கனமான தோட்டாவை இட்டால் உதை கடுமையாகும். 24 கிராம் குண்டுகள் கொண்ட மென்மையான தோட்டாவை, சற்றுக் கனமான 12 கேஜ் துப்பாக்கியில் இட்டுச் சுட்டால் புதியவர்களுக்கு இதமாக இருக்கும். உயரம் குறைந்தவர் என்றீர்கள். கேஜைவிடக் கட்டையின் நீளமே உங்களுக்கு முக்கியம். நீளமான கட்டை அக்குளில் சிக்கும். தோளின் குழியில் அமராமல் மேற்கையில் அமரும். மறுநாள் கறுத்துப் போகும்.

ஒரே வீட்டில் இரு கேஜ்களும் இருந்தால், ஒருபோதும் இரு வகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் இடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவிச் சென்று முன்னே சிக்கிக்கொள்ளும். துப்பாக்கி காலியாக இருப்பதாக எண்ணி அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சிதறும். முன்கை அங்கேதான் இருக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் தயாரிப்பது இதனால்தான்.

வடகாடு:
மூன்றாவது கேள்விக்கு நான் விடை கூறுகிறேன், ஏனெனில் அதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

டிராப் களத்தில் தட்டு உங்களுக்கு முன்னிருந்து கிளம்பி உங்களை விட்டு விலகிப் பறக்கும். ஐந்து நிலைகளில் நின்று சுடுவார்கள். முதல் பாடத்துக்கு இதுவே எளிது. ஸ்கீட் களத்தில் இரு பக்கங்களிலும் உள்ள கூண்டுகளிலிருந்து தட்டுகள் குறுக்கே பறக்கும். ஸ்கீட் வேட்டைக்காரர்களுக்காகவே தோன்றியது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1920 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் சார்ல்ஸ் டேவிஸ் என்ற கிரௌஸ் வேட்டைக்காரர், காட்டில் பறவை வரும் எல்லாக் கோணங்களையும் பழகுவதற்காக முழு வட்டமாக ஒரு களத்தை அமைத்தார். பக்கத்து நிலத்தில் கோழிப்பண்ணை வந்ததும் அந்தப் பக்கம் சுட முடியாமல் போக, வட்டம் அரைவட்டமானது. நீங்களும் கிரௌஸ் வேட்டைக்குத்தான் போகிறீர்கள். ஆகவே டிராபில் தொடங்கி, கை பழகியதும் ஸ்கீட்டுக்கு மாறுங்கள். காட்டு வழியில் நடந்து நடந்து சுடும் ஸ்போர்ட்டிங் கிளேஸ் அதற்குப் பிறகு.

தட்டைச் சுடும்போது தட்டையே பாருங்கள்; குழல் நுனியில் உள்ள மணியைப் பார்க்காதீர்கள். மணியைப் பார்த்த நொடியில் குழல் நின்றுவிடும். நின்ற குழலிலிருந்து கிளம்பிய குண்டுகள் பறவைக்குப் பின்னாலேயே போகும். சுட்ட பிறகும் குழலைத் தொடர்ந்து நகர்த்த வேண்டும்.

நாணற்புதர்:
வாத்துப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். தட்டுகளுக்குப் பயன்படும் ஈயத் தோட்டாக்களை வாத்து வேட்டைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. கனடா முழுவதும் 1999 முதல் வாத்து, வாத்தன்ன பறவைகளுக்கு நச்சற்ற குண்டுகளே கட்டாயம். வாத்துகள் இரைப்பையில் உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையவை. சதுப்பின் அடியில் கிடக்கும் ஈயக் குண்டுகளையும் கற்களென எண்ணி விழுங்கி, நஞ்சேறி மெலிந்து சாகும். அவற்றை உண்ணும் கழுகுகளும் சாகும். ஆகவே இந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன்.

பெரும்பாலோர் எஃகுக் குண்டுகளையே பயன்படுத்துகிறார்கள். எஃகு ஈயத்தைவிட எடை குறைந்தது. விரைவில் வேகம் இழக்கும். ஆகவே ஈயத்தில் பயன்படுத்தும் அளவைவிட இரண்டு அளவு பெரிய குண்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கும் எண் குறையக் குண்டு பெரிதாகும். ஈயத்தில் 4 என்றால் எஃகில் 2. எஃகுக் குண்டுகளை மிக இறுக்கமான சோக் (குண்டுகளின் பரவலைக் கட்டுப்படுத்தும் குழல் நுனிக் குறுக்கம்) வழியாகச் சுடாதீர்கள். பழைய துப்பாக்கியை யாராவது இரவல் தந்தால், அது எஃகுக்கு ஏற்றதா என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேட்ட பிறகே சுடுங்கள்.

தொலைவைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 40 கஜம் என்பது அனுபவமுள்ளவருக்கே எல்லை. புதியவர் 25, 30 கஜத்துக்குள் வரும் பறவையை மட்டுமே சுட வேண்டும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் மல்லார்ட் வாத்து, 30 கஜத் தொலைவுக்குக் குண்டுகள் போய்ச் சேர்வதற்குள் ஒன்றரை மீட்டருக்கும் மேல் முன்னேறிவிடும். தொலைவு கூடக்கூட இந்த இடைவெளியும் கூடும். குண்டுகளும் பரவி மெலியும். அப்படிச் சுட்டால் வாத்து உடனே விழாது. காயத்துடன் நாணலுக்குள் போய் மெல்லச் சாகும். அந்த உயிருக்கு நாம் செய்யும் கொடுமை அது. கைக்கு எட்டாத தொலைவில் போகும் பறவையை விட்டுவிடும் மனவலிமையையும் முதல் பாடத்தோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள் சகோதரி. நீர்நிலையில் போலி வாத்துகளை மிதக்கவிடும்போது, கடைசிப் போலி வாத்தை 30 கஜத்தில் வையுங்கள். அதற்கு அப்பால் இருக்கும் எதையும் சுடுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடலாம்.

ஏரிக்கரை:
தாங்கள் அனைவரும் எழுதியதைப் படித்த பிறகு, அருகிலுள்ள மன்றத்தின் அறிமுக நாளில் பதிவு செய்துவிட்டேன். அழைத்தவர்களிடமும் பேசினேன். முதல் நாள் காலையில் தாங்கள் சுடாமல் என் பக்கத்தில் நிற்பதாக மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டார்கள். பாடத்துக்கு எதை அணிந்து செல்வது? பாடம் முடிந்து, வேட்டைக் காலம் தொடங்கும் வரை வீட்டில் எதைப் பழகலாம்?

தட்டுக்களம்:
நல்ல முடிவு. பாடத்துக்கு மூடிய காலணியும் கழுத்து மூடிய சட்டையும் அணியுங்கள். சூடான வெற்றுத் தோட்டா சட்டைக்குள் விழுந்தால், அனிச்சையாகத் துள்ளும் உடம்போடு துப்பாக்கியும் திரும்பும். காதுக்கு நுரைச்செருகியும் அதன் மேல் காதுமூடியும் சேர்த்து அணியுங்கள். ஷாட்கன் வெடிப்பு 150 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேற்பட்ட திடீர் ஓசை ஒரே முறையில் செவியைக் கெடுக்கலாம். புதியவர்கள் விசையை அழுத்தும்போது கண்ணை மூடுவதற்கு உதைப்பைவிட ஓசையே பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலைக் களத்தை நோக்கியே பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருங்கள். ஓசை வழக்கத்தைவிடத் தணிந்து கேட்டால் அடுத்த தோட்டாவை இடாதீர்கள். குழலில் அடைப்பு உள்ளதா என்று பயிற்றுநர் பார்க்கட்டும். களைத்துப் போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். களைத்த கையால் கற்றது தவறான பழக்கமாகவே தங்கும்.

வீட்டில் பழகுவதற்குத் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்துவிட்டு, கன்னத்துக்குத் தூக்கும் செயலை மட்டும் நாள்தோறும் சிறிது நேரம் செய்யுங்கள். சுவரும் கூரையும் சேரும் கோட்டைப் பறவையின் பாதையாகக் கொண்டு, குழலை அதன் வழியே மெல்ல நகர்த்துங்கள். வேட்டைக்கு அணியப்போகும் தடித்த மேலங்கியையும் கையுறையையும் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். மெல்லிய சட்டையில் பொருந்திய கட்டை, தடித்த மேலங்கியில் நீளமாகத் தோன்றித் துணியில் சிக்கும். கையுறை அணிந்த விரலுக்குப் பாதுகாப்புப் பொத்தான் எளிதில் தட்டுப்படாது.

நாணற்புதர்:
மேலே கூறியவற்றுடன் இரண்டு மட்டும். இலையுதிர் காலத்துக்கு வாங்கிய அதே எஃகுத் தோட்டாவைப் பெரிய தாள் ஒன்றில் 30 கஜத்திலிருந்து சுட்டுப் பாருங்கள். குண்டுகள் எப்படிப் பரவுகின்றன என்பது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் மாறும். மேலும், இரவல் வாங்குவது பல தோட்டாக்கள் கொள்ளும் துப்பாக்கி என்றால், வாத்து வேட்டையில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் நுழையாதபடி உள்ளே அடைப்புக்கட்டை இருக்க வேண்டும் என்பது சட்டம். உரியவர் இருக்கிறது என்று சொன்னாலும், போலித் தோட்டாக்களை இட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள். வாத்துக்கான கூட்டாட்சி அனுமதிச் சீட்டு, வேட்டைக் கல்விச் சான்றுடன் பெறும் மாகாண அட்டையிலிருந்து வேறானது; அதையும் தனியே வாங்க மறவாதீர்கள்.